அவர்கள் ஏன் எழுந்து போனார்கள்?

படம் பாதி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆறேழு பேர் எழுந்து போனார்கள். எங்களுக்கு ஒரே சந்தோஷம். பேய்ப் படம் எடுத்தவனுக்கு இதைவிடப் பெரிய விருது ஏது? இருட்டில் பக்கத்தில் இருந்தவனின் தொடையைக் கிள்ளினேன். அவன் கட்டை விரலை உயர்த்திக் காட்டினான்.

இடம் கொல்லிமலை. செம்மேட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சின்ன ஊர். ஒரு வீட்டு வாசலில் வெள்ளை வேட்டியைக் கட்டி, வாடகைக்கு எடுத்த புரொஜெக்டரில் எங்கள் 14 நிமிடப் படத்தைப் போட்டோம். அந்த வாசலும் படத்தில் வருகிறது. இடம் கொடுத்தவர்களுக்கு முதலில் போட்டுக் காட்ட வேண்டும் என்பது மரியாதை. கருத்தும் கேட்டுக்கொள்ளலாம் என்பது உள்நோக்கம்.

நம் வகுப்பு மக்களுக்கு இந்தப் படம் தெரியும். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. கொல்லிமலை நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. காரவள்ளியிலிருந்து ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். வாந்தி எடுக்காமல் மேலே போய்ச் சேர்ந்தால் மிளகும் பலாவும் வாழையும், ஆகாய கங்கை அருவியும், அறப்பளீஸ்வரர் கோயிலும். வல்வில் ஓரி ஆண்ட மலை. இதெல்லாம் சுற்றுலாப் பலகையில் எழுதியிருப்பார்கள்.

எங்களை இழுத்தது கொல்லிப்பாவை. நற்றிணையிலும் குறுந்தொகையிலும் வருகிறாள். அங்கே அவள் தெய்வத்தன்மை உள்ள சிலை, தலைவியின் அழகுக்கு உவமை. வாய்மொழியாக வரும் கதை வேறு மாதிரி. மலையில் தவம் செய்த முனிவர்களை அரக்கர்கள் தொல்லை செய்தார்கள். அவர்களை விரட்ட ஒரு பெண் சிலை செய்து வைக்கப்பட்டது. அரக்கன் வந்தால் அது சிரிக்கும். அந்தச் சிரிப்பில் மயங்கி நெருங்குகிறவன் உயிரோடு திரும்ப மாட்டான். மலையில் இருப்பவர்கள் அவளை எட்டுக்கை அம்மன் என்று கும்பிடுகிறார்கள்.

சிரித்தே கொல்லும் சிலை! விடுவோமா? களிமண்ணில் ஒரு பாவை செய்தோம். வழி தவறி வரும் ஒரு கல்லூரிப் பையன், ஓர் அகல் விளக்கு, ஒரு சிரிப்பு. அவ்வளவுதான் படம்.

மலைக்குக் கொண்டுபோவதற்கு முந்தைய வாரம் கல்லூரியில் போட்டோம். முறையாகச் செய்ய வேண்டும் என்று எட்டு கேள்விகள் கொண்ட தாள் அச்சடித்து எல்லோருக்கும் கொடுத்தோம். ‘படம் எப்படி இருந்தது?’ என்ற கேள்விக்கு ‘சூப்பர்’, ‘சூப்பர் மச்சி’, ‘செம’. ‘எந்தத் தொழில்நுட்ப அம்சம் பிடித்தது?’ என்பதற்குப் பலர் ‘கேமரா’ என்று எழுதியிருந்தார்கள். பாவையின் முகம் வரும் முக்கியமான ஷாட்டில் வெளிச்சம் போதாமல் மூக்கும் தெரியவில்லை, வாயும் தெரியவில்லை என்பது எடுத்த எங்களுக்குத் தெரியும். ‘பயந்தீர்களா?’ என்பதற்குப் பையன்கள் எல்லோரும் ஒரே மாதிரி ‘இல்லை’. அப்படி எழுதிய கடைசி பெஞ்சு ஆசாமி ஒருவன், படம் ஓடும்போது இரண்டு காலையும் தூக்கி பெஞ்சின் மேல் வைத்து உட்கார்ந்திருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். பெயர் சொல்ல மாட்டேன், பயப்படாதே :-)

அன்றைக்குத்தான் இந்தக் கேள்வி வந்தது. படம் பார்த்தவனிடம் கருத்துக் கேட்பது எப்படி? அதிலும் பயத்தைப் பற்றி எப்படிக் கேட்பது? நமக்கு முன்னால் நூறு வருடமாகப் படம் எடுத்தவர்கள் என்ன செய்தார்கள்? தேடிப் படித்ததைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். மலையிலிருந்து ஹாலிவுட்டுக்கு ஓடிவிட்டான் என்று திட்டாதீர்கள், திரும்பி வருவேன்.

சினிமாவின் முதல் ரசிகர் கருத்தே பயத்தைப் பற்றியதுதான். லூமியேர் சகோதரர்களின் ரயில் படத்தை 1896ல் பார்த்தவர்கள், ரயில் மேலே ஏறிவிடும் என்று அலறி ஓடினார்கள் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். ஜெர்மன் ஆய்வாளர் மார்ட்டின் லோய்பெர்டிங்கர் அந்தக் காலத்துப் பதிவுகளைத் துருவிப் பார்த்து, அப்படி யாரும் ஓடியதற்குச் சமகால ஆதாரமே இல்லை என்று எழுதினார். அதாவது, ரசிகனைப் பற்றி நாம் நிச்சயம் என்று நம்பும் முதல் செய்தியே கட்டுக்கதையாக இருக்கலாம். ‘பயந்து ஓடினான்’ என்று சொல்வது படம் காட்டுகிறவனுக்கு நல்ல விளம்பரம். இந்த விஷயம் திரும்பத் திரும்ப வரும், கவனியுங்கள்.

நம் ஊரில் 1905ல் திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டூபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியை வாங்கி ஊர் ஊராகக் கொட்டகை போட்டுப் படம் காட்டினார். டெண்ட் கொட்டகைக் காலத்தில் கருத்துக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. விசில், கைதட்டல், மண் தரையில் எழும்பும் சத்தம் எல்லாம் காட்டுகிறவன் காதிலேயே விழும். பிடிக்கவில்லை என்றால் அதுவும் விழும், சில சமயம் தலையிலேயே விழும்.

எழுத்தில் கேட்கும் பழக்கம் இந்தியாவில் பெரிய அளவில் வந்தது 1927ல். பிரிட்டிஷ் அரசு இந்தியத் திரைப்பட விசாரணைக் குழு என்று ஒன்றை அமைத்தது. தலைவர் நம்ம ஊர்க்காரர், சென்னை வழக்கறிஞர் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார். தணிக்கை போதுமா, அமெரிக்கப் படங்கள் இந்தியர்களைக் கெடுக்கின்றனவா என்றெல்லாம் விசாரிப்பது வேலை. 4,325 பேருக்குக் கேள்வித்தாள் அனுப்பினார்கள். எத்தனை பதில் வந்திருக்கும்? 320. நூற்றுக்கு ஏழு சொச்சம். நாங்கள் கொடுத்த தாளில் பாதிக்கு மேல் ராக்கெட் ஆகிப் பறந்தது என்று நான் வருத்தப்பட்டது அதற்குப் பிறகு குறைந்துவிட்டது.

வந்த பதில்களில் இன்றுவரை எல்லோரும் எடுத்துக்காட்டுவது காந்தியின் பதில். தான் சினிமாவுக்குப் போனதே இல்லை, அதனால் கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தகுதி இல்லை என்று சொல்லிவிட்டு, ஆனாலும் சினிமா செய்யும் கெடுதல் வெளியாளுக்கே தெரிகிறது என்ற பொருளில் எழுதி அனுப்பினார். படமே பார்க்காதவரின் கருத்து நிற்கிறது. கொட்டகையில் மண்ணைக் குவித்து அதன் மேல் உட்கார்ந்து பார்த்தவனுக்கு அந்தத் தாள் போய்ச் சேரவில்லை. போயிருந்தாலும் படித்துப் பதில் எழுதத் தெரிந்தவர்கள் அன்றைக்கு எத்தனை பேர்?

குழுவின் மேல் குறை மட்டும் சொல்லக் கூடாது. தாளோடு நிற்காமல் லாகூர், பம்பாய், சென்னை, கல்கத்தா, ரங்கூன் என்று சுற்றி 353 பேரை நேரில் உட்காரவைத்துக் கேட்டார்கள். பால்கே உட்பட. கேள்வி, பதில், குறுக்குக் கேள்வி என்று அச்சாகியிருக்கும் அந்த வாக்குமூலத் தொகுதிகளைத்தான் ஆராய்ச்சியாளர்கள் இன்றும் தேடிப் போகிறார்கள். எழுதி வாங்கியதைவிடப் பேசி வாங்கியதுதான் நின்றிருக்கிறது.

அதே காலத்தில் அமெரிக்காவில் வேறு வழி பிடித்திருந்தார்கள். படம் முடிந்ததும் வெளியிடுவதற்கு முன்னால், ஊருக்கு வெளியே ஒரு சாதாரணத் தியேட்டரில் போட்டு, கூட்டம் எங்கே சிரிக்கிறது, எங்கே நெளிகிறது என்று பின்னால் நின்று பார்ப்பது. ஹெரால்ட் லாயிட் இதில் முன்னோடி. ‘கிராண்ட்மாஸ் பாய்’ (1922) படத்துக்கு முன்னோட்டக் காட்சியில் போதுமான சிரிப்பு வரவில்லை என்று மேலும் நகைச்சுவைக் காட்சிகள் எடுத்துச் சேர்த்தார்கள். சிரிப்புக்கு இந்த முறை சரி. சிரிப்பு காதில் கேட்கும், எண்ணலாம். பயம் கேட்காது. பயந்தவன் பெரும்பாலும் அமைதியாக இருப்பான். சலித்தவனும் அமைதியாகத்தான் இருப்பான்.

இந்தச் சிக்கல் நன்றாகத் தெரிவது இரண்டு படங்களில்.

முதலாவது ஜேம்ஸ் வேல் இயக்கிய ‘ஃபிராங்கென்ஸ்டைன்’. 1931 அக்டோபர் கடைசியில் சான்டா பார்பராவில் யுனிவர்சல் கம்பெனி முன்னோட்டம் போட்டது. ஜனங்கள் எழுந்து வெளியே போனார்கள், திரும்பி வந்தார்கள், மறுபடி போனார்கள் என்று அங்கே இருந்தவர்கள் பின்னாளில் நினைவு கூர்ந்தார்கள். கம்பெனிக்காரர்களுக்குக் கதிகலங்கியது. பிறகு யோசித்தார்கள். வெளியே போனவன் வீட்டுக்குப் போகவில்லையே, திரும்பி அல்லவா வந்தான்? கடைசியில் மாற்றியது கொஞ்சம்தான். சாவதாக இருந்த விஞ்ஞானியைப் பிழைக்கவைத்தார்கள். படம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு நடிகரைத் திரைக்கு முன் நிறுத்தி, இது உங்களுக்கு அதிர்ச்சி தரலாம், ஜாக்கிரதை என்று சொல்லவைத்தார்கள். எச்சரிக்கை போல இருக்கும் விளம்பரம்! படம் பெரிய வெற்றி.

இரண்டாவது, சரியாக மூன்று மாதம்கூட ஆகவில்லை, எம்.ஜி.எம். தயாரித்த ‘ஃபிரீக்ஸ்’. டாட் பிரவுனிங் இயக்கம். சர்க்கஸில் வேலை செய்த, உடல் குறைபாடு உள்ள நிஜக் கலைஞர்களையே நடிக்கவைத்த படம். 1932 ஜனவரியில் சான்டியாகோவில் சோதனைக் காட்சி. இங்கேயும் எழுந்து ஓடினார்கள். படம் பார்த்ததால் கருக்கலைந்தது என்று ஒரு பெண் வழக்குப் போடப்போவதாக மிரட்டினார். ஸ்டூடியோ பயந்துபோய்க் கத்தரியை எடுத்தது. 90 நிமிடம் ஓடிய படம் 64 நிமிடமானது. வெட்டிய பகுதி இன்றுவரை கிடைக்கவில்லை. அப்படி வெட்டியும் படம் ஓடவில்லை. பிரிட்டனில் சுமார் 30 வருடம் தடை. அறுபதுகளில்தான் திரும்பக் கண்டெடுத்து மதிக்கத் தொடங்கினார்கள். 1994ல் அமெரிக்காவின் பாதுகாக்கப்படும் படங்களின் பட்டியலில் சேர்த்தார்கள்.

இரண்டு தியேட்டரிலும் நடந்தது ஒன்றேதான், ஆட்கள் எழுந்து போனார்கள். ஒன்றில் அது பயம். இன்னொன்றில் அது அருவருப்பு, அல்லது நிஜ மனிதர்களைப் பூச்சாண்டியாகக் காட்டுகிறார்களே என்ற சங்கடம், அல்லது மூன்றாவதாக வேறு எதுவோ. யாரும் வாசலில் நிறுத்தி ‘ஏன் போகிறீர்கள்?’ என்று நிதானமாகக் கேட்கவில்லை. 26 நிமிடத்தை வெட்டிப் போட்டார்கள். சரியான 26 நிமிடத்தைத்தான் வெட்டினார்களா என்பது யாருக்கும் தெரியாது.

‘எங்கே’ என்பதையும் ‘ஏன்’ என்பதையும் பிரித்துப் பார்த்தவர்கள் சினிமாக்காரர்கள் இல்லை, வானொலி ஆராய்ச்சிக்காரர்கள். 1930களின் பிற்பகுதியில் பால் லாசர்ஸ்ஃபெல்டும் ஃபிராங்க் ஸ்டான்டனும் ஒரு கருவி செய்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் இரண்டு பொத்தான். பிடித்தால் பச்சை, பிடிக்காவிட்டால் சிவப்பு. எந்த நொடியில் எத்தனை பேர் எதை அழுத்தினார்கள் என்று ஓடும் காகிதத்தில் கோடு விழும். நிகழ்ச்சி முடிந்ததும் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு, ‘இந்த இடத்தில் சிவப்பை அழுத்தினீர்களே, ஏன்?’ என்று கேட்பார்கள்.

1941 நவம்பரில் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் லாசர்ஸ்ஃபெல்டின் வீட்டுக்கு விருந்துக்குப் போகிறார். லாசர்ஸ்ஃபெல்ட் அவரைச் சாப்பிட விடாமல் இந்தச் சோதனை நடக்கும் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடுகிறார். மெர்ட்டன் உட்கார்ந்து பார்க்கிறார். பொத்தான் எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் கேள்வி கேட்கிறவர் பதிலைத் தானே வாயில் ஊட்டுகிறார் என்று சீட்டில் குறிப்பு எழுதி எழுதி நீட்டுகிறார். ‘அப்படியானால் நீயே கேள்’ என்று அடுத்த குழுவுக்கு அவரையே உட்காரவைத்துவிட்டார்கள். அங்கிருந்து வளர்ந்த முறையைத்தான் மெர்ட்டனும் பாட்ரிசியா கெண்டலும் 1946ல் கட்டுரையாக எழுதினார்கள். இன்று சோப்பு கம்பெனியிலிருந்து அரசியல் கட்சி வரை பத்துப் பேரை உட்காரவைத்துப் பேசவிட்டுக் கேட்கிறார்களே, அதற்கு முன்னோடி இது. சாப்பாடு கிடைத்ததா என்று தெரியவில்லை :-)

எங்கள் எட்டுக் கேள்வித் தாளை இதோடு வைத்துப் பார்த்தேன். ‘பயந்தீர்களா?’ என்று கேட்டிருந்தோம். எந்த இடத்தில் என்று கேட்கவில்லை. ஏன் என்று கேட்கவே இல்லை. சரி.

இனி நம்மைப் போன்ற மாணவர்களுக்கு வருவோம். 1977ல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த சாம் ரெய்மியும் நண்பர்களும் ‘இட்ஸ் மர்டர்’ என்று சூப்பர் 8 கேமராவில் ஒரு படம் எடுத்தார்கள். பேய்ப் படம் இல்லை, காமெடி கலந்த கொலைக் கதை. படம் எடுபடவில்லை. ஆனால் அதில் திகிலாக வந்த ஒரு காட்சி மட்டும் அவர்களை யோசிக்கவைத்தது. நமக்கு வருவது இதுதான் போல என்று பேய்ப் படத்துக்கு மாறினார்கள். திறந்தவெளித் தியேட்டர்களுக்குப் போய், மலிவான பேய்ப் படங்களை இரண்டு இரண்டாகப் பார்த்து எது வேலை செய்கிறது என்று படித்தார்கள். 1978ல் ‘வித்தின் த வுட்ஸ்’ என்று அரை மணி நேரப் படம் ஒன்றை மாதிரிக்கு எடுத்து, பணம் போடக்கூடியவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். அதிலிருந்து வந்ததுதான் 1981ல் டெட்ராய்ட்டில் முதல் காட்சி போடப்பட்ட ‘தி ஈவில் டெட்’. ஒரு தோல்விப் படத்தில் வேலை செய்த ஒரே காட்சியைக் கவனித்ததால் வந்த படம்!

தமிழில் மாணவர்கள், திகில் படம் என்று சொன்னால் உடனே நினைவுக்கு வருவது ‘ஊமை விழிகள்’. 1986 ஆகஸ்ட் 15 அன்று வெளியானது. ஆபாவாணன் எழுதித் தயாரிக்க, ஆர். அரவிந்தராஜ் இயக்கினார். சென்னை அடையாறு திரைப்படக் கல்லூரியில் படித்து வந்த இளைஞர்கள் கூட்டம். விஜயகாந்த் டி.எஸ்.பி. தீனதயாளனாக வந்தார். ‘சோழா பிக்னிக் வில்லேஜ்’ என்ற இடத்துக்கு வரும் பெண்கள் காணாமல் போகிறார்கள். குதிரை வண்டி, பார்த்தாலே குளிர் எடுக்கும் ஒரு கிழவி, சினிமாஸ்கோப் திரை நிறைய வெட்டவெளி. எங்கள் அப்பா வயதுக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், அந்தக் கிழவியைப் பற்றிக் கட்டாயம் ஏதாவது சொல்வார்கள். எனக்குத் தெரிந்து முப்பது நாற்பது வருடம் கழித்தும் மறக்காத ‘ரசிகர் கருத்து’ அதுதான். எந்தக் கேள்வித்தாளிலும் வராது.

திரைப்படக் கல்லூரிப் பையன்களுக்குப் படம் எடுக்கத் தெரியும், ஓட்டத் தெரியாது என்று கோடம்பாக்கம் நினைத்த காலம் அது. அதை மாற்றியது அந்தப் படம். இதே கூட்டம் 1987ல் ‘உழவன் மகன்’, 1988ல் ‘செந்தூரப்பூவே’ என்று தொடர்ந்தது. ஆனால் அந்தக் காலத்தில் ரசிகன் என்ன நினைக்கிறான் என்று தெரிந்துகொள்ள என்ன வழி இருந்தது? தியேட்டரிலிருந்து வரும் டி.சி.ஆர். என்ற தினசரி வசூல் கணக்கு. சேலம் ஏரியா எவ்வளவு, மதுரை ஏரியா எவ்வளவு என்று அது சொல்லும். எங்கள் நாமக்கல் பக்கமெல்லாம் சேலம் ஏரியாவில் அடக்கம். ஞாயிற்றுக்கிழமை மாட்னிக்கு எவ்வளவு வந்தது என்பது தெரியும். வந்தவன் எந்தக் காட்சியில் கண்ணை மூடினான் என்பது கணக்கில் வராது. அப்புறம் விகடன் விமர்சனக் குழு போடும் மதிப்பெண். பத்தாம் வகுப்பு ரிசல்ட் போல ஊரே காத்திருக்கும். மார்க் சொல்வது ‘எவ்வளவு’ என்பதை மட்டும்தான்.

2009ல் கலைஞர் தொலைக்காட்சியில் ‘நாளைய இயக்குனர்’ தொடங்கியபோதுதான் தமிழ்க் குறும்படக்காரனுக்கு முகத்துக்கு நேரே கருத்துச் சொல்ல ஆள் கிடைத்தது. பிரதாப் போத்தனும் மதனும் உட்கார்ந்து இது சரியில்லை, இது நன்றாக இருக்கிறது என்றார்கள். சாஃப்ட்வேர் வேலையிலிருந்து வந்த கார்த்திக் சுப்பராஜ் அங்கிருந்து கிளம்பி 2012ல் ‘பீட்சா’ எடுத்தார். நிபுணர்கள் சொல்வது பயனுள்ளதுதான். ஆனால் நிபுணர் பயப்பட மாட்டார், கவனித்திருக்கிறீர்களா? அவர் ஷாட் பார்த்துக்கொண்டிருப்பார்.

‘தி பிளேர் விட்ச் புராஜெக்ட்’ பற்றி நம் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும், அதனால் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சென்ட்ரல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் சினிமா படித்த டேனியல் மைரிக், எட்வர்டோ சான்செஸ் இருவரும் 1997ல் எட்டு நாளில் எடுத்த படம். 1999 ஜனவரியில் சன்டான்ஸ் விழாவில் ஆர்ட்டிசான் கம்பெனி வாங்கியது. கடைசிக் காட்சியில் ஒருவன் மூலையைப் பார்த்துத் திரும்பி நிற்கிறான், அவ்வளவுதான். பார்த்தவர்களுக்குப் பயமாக இருந்தது, ஆனால் புரியவில்லை. கம்பெனி வேறு முடிவுகள் எடுக்கச் சொன்னது. எடுத்தும் பார்த்தார்கள். கடைசியில் இயக்குனர்கள் பழைய முடிவையே வைத்துக்கொண்டார்கள். மாற்றியது முடிவை இல்லை, முன்பகுதியை! கொலைகாரன் ஒரு குழந்தையை மூலையில் நிறுத்திவிட்டு இன்னொன்றைக் கொல்வான் என்று ஊர்க்காரர் ஒருவர் சொல்வதாக ஒரு பேட்டியைப் படத்தின் தொடக்கத்தில் சேர்த்தார்கள். ரசிகன் வலிக்கிறது என்று கை வைக்கும் இடம் ஒன்று, நோய் இருக்கும் இடம் வேறு. இது எனக்குப் பின்னால் ரொம்ப உதவியது.

இன்னொன்று. ஓரன் பெலி தன் சொந்த வீட்டில் சுமார் 15,000 டாலரில் எடுத்த ‘பாராநார்மல் ஆக்டிவிட்டி’. இவர் மாணவர் இல்லை, ஆனால் பட்ஜெட் நம் பட்ஜெட் போலத்தான் (கொஞ்சம் பூஜ்ஜியங்களைக் குறைத்தால்). ட்ரீம்வொர்க்ஸ் இதைப் பெரிய செலவில் திரும்ப எடுக்க நினைத்தது. அதற்கு முன் மூலப் படத்தை ஒரு சோதனைக் காட்சி போட்டார்கள். ஆட்கள் எழுந்து போக ஆரம்பித்தார்கள். சரி, படம் சலிப்பு, தூக்கிப் போட வேண்டியதுதான் என்று நினைத்தார்கள். விசாரித்தபோது போனவர்கள் பயம் தாங்காமல் போனதாகத் தெரிந்தது! திரும்ப எடுக்கும் யோசனையைக் கைவிட்டு, முடிவை மட்டும் மாற்றி 2009ல் அந்தப் படத்தையே வெளியிட்டார்கள்.

இதைப் படித்துவிட்டுத்தான் எங்கள் மலைக் காட்சியில் ஆறேழு பேர் எழுந்து போனதும் நான் தொடையைக் கிள்ளினேன். பாராநார்மல் ஆக்டிவிட்டி மாதிரியே நடக்கிறது என்று. ‘ஃபிரீக்ஸ்’ நினைவுக்கு வரவில்லை. நமக்குச் சாதகமான வரலாறுதான் சட்டென்று நினைவுக்கு வரும் போல.

மறுநாள் காலையில், முதலில் எழுந்து போன பாட்டியின் வீட்டுக்குப் போனோம். எங்களுக்கு வாசலும் திண்ணையும் கொடுத்து, படப்பிடிப்பு நடந்த மூன்று நாளும் கேழ்வரகுக் களி போட்டவர் அவர்தான். ‘என்ன பாட்டி, ரொம்பப் பயந்துட்டீங்களா?’ என்று சிரித்துக்கொண்டே ஆரம்பித்தான் எங்கள் இயக்குனர். மெர்ட்டன் இருந்திருந்தால் அந்த இடத்திலேயே சீட்டு நீட்டியிருப்பார்.

பாட்டி சிரிக்கவில்லை.

‘ஏங்கண்ணு, எங்க ஆத்தாளப் பேயாட்டம் காட்டிட்டீங்களே’ என்றார்.

யாரும் எதுவும் பேசவில்லை. அவர்தான் தொடர்ந்தார். ‘அவ சிரிச்சா அரக்கனுக்குத்தான் பயம். எங்களுக்கு என்ன பயம்? நடுராத்திரி காட்டு வழியில வந்தாக்கூட அவ இருக்கான்னுதான் வருவோம். அந்தப் பையன் என்ன தப்புப் பண்ணான்? பாவம், வழி தெரியாம வந்தவன். வழி கேக்க வந்தவன ஆத்தா எதுக்குக் கொல்றா?’

மற்றவர்கள் எழுந்து போனது, பாட்டி எழுந்து போனதால். அவர் போன பிறகு உட்கார்ந்திருப்பது மரியாதை இல்லை என்று. அதிலும் ஒருவர் மட்டும், கடைசி பஸ்ஸில் வரும் மருமகனைக் கூட்டிவரப் போனவர். ஆக எங்கள் படத்துக்குப் பயந்து எழுந்து போனவர்கள் எண்ணிக்கை பூஜ்ஜியம்.

இறங்கும்போது 70 வளைவிலும் சண்டை. பேய்ப் படம் என்றால் பேய்ப் படம்தான், ஒவ்வொருவர் மனசுக்கும் பார்த்துக்கொண்டிருந்தால் எதையும் எடுக்க முடியாது என்றான் ஒருவன். அவன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ‘ஃபிரீக்ஸ்’ படத்தை வெட்டியவர்களும் யாரோ மனம் நொந்ததாகச் சொன்னதற்குத்தானே வெட்டினார்கள்? ஆனால் எனக்கு இரண்டும் ஒன்றாகப் படவில்லை. பாட்டி அந்தக் கதைக்கு வெளியாள் இல்லை. அவள் கதையை எடுத்து அவள் வாசலிலேயே வைத்துப் படம் பிடித்து, அவளையே பூச்சாண்டி காட்டியிருக்கிறோம். தவிர, மரியாதையை ஒரு பக்கம் வைத்தாலும் அவர் கேட்டது நல்ல திரைக்கதைக் கேள்வி. அந்தப் பையன் என்ன தப்புப் பண்ணான்? நம் வகுப்பில் ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை. நாமெல்லாம் பேய் என்றால் கொல்லும் என்று பழகிப்போனவர்கள். கொல்வதற்குக் காரணம் வேண்டும் என்பதே மறந்துவிட்டது.

பிளேர் விட்ச் வழியைப் பிடித்தோம். சிரிப்புக் காட்சியில் கைவைக்கவில்லை, முன்பகுதியைத்தான் மாற்றினோம். பையன் பாவையின் முன்னால் இருக்கும் சின்ன வெண்கல மணியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்வது போல ஒரு ஷாட், நீளம் கருதி எடிட்டிங்கில் தூக்கியது, ஹார்ட் டிஸ்க்கில் கிடந்தது. அதைத் திரும்பச் சேர்த்தோம். அவன் கூகுள் மேப் பார்த்து அப்பாவியாக வழி தேடும் இரண்டு நிமிடத்தை எடுத்துவிட்டோம். படம் 13 நிமிடமாகக் குறைந்தது. இப்போது வந்தவன் திருடன். அவள் சிரிக்கும்போது எதற்குச் சிரிக்கிறாள் என்று தெரிகிறது.

இரண்டாவது முறை அதே வாசலில் போட்டபோது கேள்வித்தாள் கொண்டுபோகவில்லை. எங்களில் ஒருவன் மட்டும் வேட்டித் திரைக்குப் பக்கத்தில், கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தான். கையில் கடிகாரமும் நோட்டும். யார் எந்த நிமிடத்தில் தலையைத் திருப்புகிறார்கள், யார் பக்கத்து ஆளின் கையைப் பிடிக்கிறார்கள் என்று குறிப்பது அவன் வேலை. பொத்தான் இல்லாத லாசர்ஸ்ஃபெல்ட் கருவி! நோட்டில் இருந்தது இவ்வளவுதான்: 4வது நிமிடம், மணியை எடுக்கும்போது பின்வரிசையில் ‘ச்சு’ என்று சத்தம். 9, குழந்தைகள் அம்மா மடிக்கு நகர்ந்தார்கள். 11, பாட்டி கையெடுத்துக் கும்பிட்டார். 13, யாரும் எழுந்து போகவில்லை.

முடிந்ததும் பாட்டியிடம் போய் உட்கார்ந்தோம். இந்த முறை யாரும் எதுவும் கேட்கவில்லை, அவரே பேசட்டும் என்று இருந்தோம். வெற்றிலையை மடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தார்.

‘இப்பச் சரி. ஆனா ஆத்தா மொகத்துல இன்னுங் கொஞ்சம் வெளிச்சம் வெச்சிருக்கலாம். மூக்கே தெரியல.’